மூடிய கலன்களில் நுண்பாசி: ஒளி, காற்று, செலவு

நுண்பாசி வேரும் தண்டும் இலையும் இல்லாத உயிர். ஒற்றைச் செல்லாகவோ சில செல்கள் கோத்த இழையாகவோ நீரில் மிதந்து ஒளிச்சேர்க்கை செய்து வாழ்கிறது. ஒரு செல்லின் குறுக்களவு பெரும்பாலும் சில மைக்ரோமீட்டர்கள்தான். வெயில், கரியமில வாயு, நைட்ரஜன், பாஸ்பரஸ், கொஞ்சம் இரும்பும் பிற தாதுக்களும் கிடைத்தால் பல இனங்கள் ஒரே நாளில் இரட்டித்துவிடும். செல்லின் பெரும்பகுதி புரதமும் எண்ணெயும் நிறமியும் மாவுப்பொருளுமாக இருப்பதால், உமி தவிடு என்று கழிக்க வேண்டியது குறைவு. இதைத் தொழில் அளவில் வளர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று திறந்த குளம். மற்றொன்று, ஒளி ஊடுருவும் சுவருக்குள் வெளிக்காற்றோடு நேரடித் தொடர்பின்றிப் பாசி நீரைச் சுழலவிடும் மூடிய கலன். துறையினர் இதை போட்டோபயோரியாக்டர் என்பார்கள்.

மூடிவிட்டால் விளைச்சல் தானாகப் பெருகிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. குளத்தின் தொல்லைகளை வெளியே நிறுத்தினால், குளத்தில் இல்லாத வேறு தொல்லைகள் கலனுக்குள் பிறக்கின்றன. ஆக்சிஜன் தேங்குகிறது, வெப்பம் ஏறுகிறது, மின் செலவும் கண்ணாடிச் செலவும் கூடுகின்றன. அந்தப் பரிமாற்றம் எந்தப் பாசிக்கு, எந்தப் பொருளுக்குக் கட்டுப்படியாகும் என்பதில்தான் இத்துறையின் எழுபது ஆண்டு அனுபவம் அடங்கியிருக்கிறது.

திறந்த குளம் எங்கே போதாமல் போகிறது

திறந்த குளங்களில் பரவலானது ஓடுபாதைக் குளம். நீள்வட்ட வாய்க்கால், 20 முதல் 30 சென்டிமீட்டர் ஆழம், நீரை நகர்த்த ஒரு துடுப்புச் சக்கரம். கட்ட மலிவு, நடத்த எளிது. புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் உள்ள பாரி நிறுவனத்தின் சுருள்பாசிப் பண்ணை திறந்த குளங்களில்தான் நடக்கிறது. சென்னை முருகப்பச் செட்டியார் ஆய்வு மையத்தில் சி. வி. சேஷாத்ரியும் அவருடைய குழுவினரும் கிராமத்துச் சிறு தொட்டிகளுக்கு ஏற்றபடி வகுத்த சுருள்பாசி வளர்ப்பு முறையும் திறந்த முறையே.

சுருள்பாசிக்கு மூடி தேவைப்படாததற்குக் காரணம் அது வாழும் நீர். சமையல் சோடாவின் உப்பு நிறைந்து, கார அமில எண் 10ஐ ஒட்டியிருக்கும் நீரில் அது செழிக்கும். மற்றப் பாசிகளும் அவற்றைத் தின்னும் பூச்சிகளும் அங்கே பிழைப்பது கடினம். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹட் லகூனில் வளர்க்கப்படும் டுனலியெல்லா, கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பான நீரில் வாழ்ந்து அதே பாதுகாப்பைப் பெறுகிறது. குளோரெல்லா தன் வேகத்தால் ஓரளவு தப்பிக்கிறது. இந்த மூன்றும் திறந்த குளத் தொழிலின் தூண்களாக இருப்பது தற்செயலல்ல.

மற்ற இனங்களுக்கு இந்த அரண் இல்லை. ஹீமட்டோகாக்கஸ் சாதாரண நன்னீரில், நடுநிலையான கார அமில எண்ணில், மிதமான வெப்பத்தில் வாழ்கிறது. அதே சூழல் நூறு வேறு உயிர்களுக்கும் பிடிக்கும். நானோகுளோராப்சிஸ், ஐசோகிரைசிஸ் போன்ற கடல் இனங்களின் நிலையும் இதுதான். ரோட்டிபர் என்னும் நுண்விலங்கு புகுந்து பெருகினால் பச்சையாக இருந்த குளம் சில நாட்களிலேயே வெளிறிவிடும்.

உண்ணும் பொருள் என்றால் ஆபத்து இன்னும் கூடுகிறது. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் அப்பர் கிளாமத் ஏரியிலிருந்து இயற்கையாக வளரும் நீலப்பச்சைப் பாசியை அள்ளி உணவுத் துணைப்பொருளாக விற்கிறார்கள். அதே ஏரியில் வளரும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற மற்றொரு இனம் கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்குவது தெரியவந்ததும், 1990களின் பிற்பகுதியில் ஒரு கிராம் பாசியில் 1 மைக்ரோகிராமுக்கு மேல் அந்த நஞ்சு இருக்கக் கூடாது என்று அம்மாநிலம் வரம்பு வகுத்தது. எந்த இனம் வளர்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடிவதே மூடிய கலனின் முதல் நியாயம். மிகுந்த விளைச்சல் அதற்குப் பிறகுதான்.

கூரை மேல் தொடங்கிய முயற்சி

டெல்ஃப்ட் நகரத்து நுண்ணுயிரியலாளர் மார்ட்டினஸ் பெய்ஜரின்க் 1890இல் குளோரெல்லாவைத் தூய நிலையில் பிரித்து வளர்த்தார். ஓட்டோ வார்புர்க் 1919 முதல் அதை ஒளிச்சேர்க்கை ஆய்வுக்குப் பயன்படுத்தினார். அரை நூற்றாண்டுக் காலம் அது ஆய்வகக் குடுவைக்குள்ளேயே இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், பெருகும் மக்கள்தொகைக்குப் புரதம் எங்கிருந்து வரும் என்ற கவலை அதைக் குடுவையிலிருந்து வெளியே கொண்டுவந்தது. வாஷிங்டன் கார்னகி நிறுவனத்தின் ஆதரவில், ஆர்தர் டி. லிட்டில் நிறுவனம் 1951இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் ஒரு கட்டடத்தின் கூரை மேல் மெல்லிய பாலிஎதிலீன் குழாய்களில் குளோரெல்லாவை ஓட்டி வளர்த்தது. ஆய்வகத்தைத் தாண்டிய முதல் மூடிய வளர்ப்புகளில் ஒன்று இது. அதன் முடிவுகள் ஜான் பர்லூ தொகுத்து 1953இல் வெளிவந்த நூலில் இருக்கின்றன. வெயிலில் சூடேறும் குழாயைக் குளிர்விப்பதே பெரும்பாடு என்பதும், தொழில் கட்டுப்படியாக வேண்டுமானால் கலனின் விலை வெகுவாக இறங்க வேண்டும் என்பதும் அப்போதே எழுதப்பட்டுவிட்டன. பின்னால் வந்த பல நிறுவனங்கள் அந்த நூலை ஊன்றிப் படித்திருந்தால் கணிசமான பணம் மிஞ்சியிருக்கும்.

ஒளி எப்படிப் பங்கிடப்படுகிறது

நடுப்பகல் வெயிலில் ஒரு சதுர மீட்டரில் நொடிக்குச் சுமார் 2,000 மைக்ரோமோல் ஒளித்துகள்கள் ஒளிச்சேர்க்கைக்கு உதவும் நிறங்களில் விழுகின்றன. பெரும்பாலான நுண்பாசிகளின் செல்லுக்கு 100 முதல் 200 போதும். அதற்கு மேல் வருவதைச் செல் வெப்பமாகக் கழித்துவிடுகிறது; இன்னும் மிகுந்தால் ஒளியைப் பிடிக்கும் அமைப்பே சேதமாகி வேலை நின்றுபோகிறது. ஆகவே கலனின் மேற்பரப்பில் இருக்கும் செல் தேவைக்குப் பத்து மடங்கு ஒளியில் திணறுகிறது. அதே நொடியில் நான்கு சென்டிமீட்டர் உள்ளே இருக்கும் செல் மேலே உள்ளவற்றின் நிழலில் ஏறக்குறைய இருளில் கிடக்கிறது. பாசி அடர்த்தியாக இருந்தால் ஒளி ஊடுருவும் தூரம் ஒரு சென்டிமீட்டரையும் எட்டாது. வெயிலில் வெப்பமாகக் கழிந்தது, நிழலில் மூச்சுவிட்டே செலவழிந்தது, இரவில் கரைந்தது எல்லாம் கழித்துப் பார்த்தால் சூரிய ஆற்றலில் பாசியாக மாறுவது நடைமுறையில் 5 சதவீதத்துக்குள்தான் நிற்கிறது.

இதற்கு மூன்று வகையில் விடை தேடினார்கள். நீரை வேகமாகக் கலக்கினால் ஒவ்வொரு செல்லும் வெளிச்சத்துக்கும் இருளுக்கும் மாறி மாறி வரும். மின்னி மறையும் ஒளியில் செல் கூடுதல் திறனோடு வேலை செய்கிறது என்பதை பெசல் காக் 1950களிலேயே காட்டினார். ஆனால் முழுப் பயன் கிடைக்க வேண்டிய வேகத்தில் கலக்க ஆகும் மின்சாரம் பயனைத் தின்றுவிடும். இரண்டாவது வழி கலனை மெல்லியதாக்குவது. இஸ்ரேலின் செடெ போக்கரில் ஆமோஸ் ரிச்மண்டின் குழு ஓரிரு சென்டிமீட்டர் தடிமனே உள்ள தட்டைக் கண்ணாடிப் பலகைகளில் மிக அடர்த்தியாகப் பாசி வளர்த்துக் காட்டியது. மூன்றாவது, கலனை நிமிர்த்தி வைப்பது. தரையில் விழும் வெயில், வேலி போல அடுக்கிய பலகைகளின் இருபக்கப் பரப்பிலும் பரவினால், எந்தச் செல்லுக்கும் மிகையாகாமல் பலவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச்சேரும். ஃப்ளோரன்ஸ் நகரில் மாரியோ த்ரெதிச்சி வடிவமைத்த பச்சைச் சுவர்ப் பலகைகள் இந்தக் கருத்தில் எழுந்தவை.

கொள்ளளவைவிடப் பரப்பே முக்கியம் என்பதற்குச் சோவியத் நாட்டில் நடந்த ஒரு சோதனை நல்ல சான்று. சைபீரியாவின் கிராஸ்னயார்ஸ்க் நகரில் 1965இல் அமைந்த பயோஸ்-1 அறையில், முத்திரையிட்ட இடத்துக்குள் இருந்த ஒரு மனிதருக்கு வேண்டிய ஆக்சிஜனைக் குளோரெல்லாக் கலன் ஒன்று தந்தது. அதில் இருந்த பாசி நீர் சுமார் 20 லிட்டர். ஒளி படும் பரப்போ 8 சதுர மீட்டர். விண்வெளிப் பயணத்துக்கான அந்தக் கலனில் விலை ஒரு பொருட்டல்ல என்பதால்தான் அவ்வளவு மெல்லிய படலம் சாத்தியமாயிற்று.

தப்ப வழியில்லாத ஆக்சிஜன்

குளத்தில் அவ்வளவாகத் தெரியாத ஒன்று மூடிய குழாயில் உயிர்ப்பிரச்சினையாகிறது. ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் வெளியேறுகிறது. குளத்தில் அது காற்றோடு கலந்துவிடும்; குழாயில் போக்கிடம் இல்லாமல் நீரிலேயே கரைந்து சேர்கிறது. நல்ல வெயிலில் ஒரு கன மீட்டர் பாசி நீர் நிமிடத்துக்கு 10 கிராம் வரை ஆக்சிஜனை வெளியிடும். காற்றோடு சமநிலையில் இருக்கும் 25 டிகிரி நீரில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 8 கிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். அதாவது ஒவ்வொரு நிமிடமும் நீர் தன் இயல்பான அளவுக்கும் மேலான ஆக்சிஜனைப் புதிதாகச் சுமக்கிறது.

இந்தக் கணக்கே குழாயின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. நீர் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடினால் 80 மீட்டர் குழாயைக் கடக்க 160 நொடிகள் ஆகும். அதற்குள் ஒரு கன மீட்டரில் 27 கிராம் ஆக்சிஜன் சேர்ந்துவிடும். தொடக்கத்தில் இருந்த 8ஐயும் கூட்டினால் இயல்பைவிட நான்கு மடங்குக்கு மேல். அந்த எல்லையைத் தாண்டினால் பல பாசிகள் தளர்ந்துவிடும், ஏனென்றால் கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய ருபிஸ்கோ நொதி ஆக்சிஜனையும் பிடிக்கும் குணமுடையது. ஆக்சிஜன் மிகுந்தால் அது தவறான மூலக்கூறைப் பிடித்து, சேர்த்த கார்பனையே இழக்கச் செய்கிறது. கடும் வெயிலும் மிகையான ஆக்சிஜனும் சேர்ந்தால் செல்லின் சவ்வுகளும் நிறமிகளும் எரிந்துபோகின்றன. ஆகவே எவ்வளவு பெரிய ஆலையானாலும் ஒற்றைக் குழாயின் நீளம் 80 மீட்டர் அளவோடு நின்று, நீர் ஒரு வாயு நீக்கும் தொட்டிக்குப் போக வேண்டும். அங்கே காற்றுக் குமிழிகள் ஆக்சிஜனை வெளியேற்றிய பின்னரே மீண்டும் குழாய்க்குள் நுழையலாம். அந்தத் தொட்டி இருளானது. அங்கே இருக்கும் நேரமெல்லாம் பாசி வளராது. ஆகவே தொட்டி சிறிதாக இருக்க வேண்டும், ஆனால் வாயு முழுவதும் பிரிய வேண்டும். குழாய்க் கலன் வடிவமைப்பில் பொறியாளரின் திறமை அதிகம் சோதிக்கப்படுவது இந்த இடத்தில்தான்.

மூடிய கலன்களை ஆயிரம் மடங்கு பெரிதாக்க ஒரே பெரிய கலனைக் கட்ட முடியாததற்கும் இதுவே காரணம். சாராயம் வடிக்கும் தொட்டியைப் பத்து மடங்கு பெரிதாகக் கட்டலாம், ஒரு லிட்டருக்கான செலவு இறங்கும். ஒளிக் கலனில் விட்டத்தைப் பெருக்கினால் உள்ளே இருள். நீளத்தைப் பெருக்கினால் ஆக்சிஜன். ஒரே அளவுள்ள கலன்களை எண்ணிக்கையில் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை, அதனால் பெரிதாக்குவதில் வழக்கமாகக் கிடைக்கும் சிக்கனம் இங்கே அரைகுறையாகத்தான் கிடைக்கிறது.

வெப்பம், கரியமில வாயு, கலக்கல்

குளத்து நீர் ஆவியாகித் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. மூடிய குழாய் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய கார் போலச் சூடேறுகிறது. பெரும்பாலான இனங்கள் விரும்புவது 20 முதல் 30 டிகிரி. கோடையில் குளிர்விக்காத குழாய் 40ஐத் தாண்டும், ஒரு பிற்பகல் போதும் முழுப் பயிரும் சாக. குழாய் மேல் நீர் தெளிப்பது, நிழல்வலை இழுப்பது, குழாயைக் குளத்தில் அமிழ்த்துவது, வெப்பமாற்றி வைப்பது எல்லாம் நடைமுறையில் உண்டு. பிரான்சின் கதாராஷில் 1980களில் கூடினும் ஷோமோனும் குழாய்களை நீரில் மிதக்கவும் மூழ்கவும் வைத்து வெப்பத்தைச் சீராக்கினார்கள். தெளிப்பு முறை எளிதானது, ஆனால் நீர் வேண்டும். வெயில் மிகுந்த பாலைநிலத்தில் அந்த நீர்தான் அரிது. இரவில் வேறு கணக்கு. பகலில் சேர்த்த உயிர்ப்பொருளில் கால்வாசி வரை இரவு மூச்சிலேயே கரைந்துபோகலாம் என்பதால், இரவில் குளிர விடுவது நல்லது.

கரியமில வாயு விஷயத்தில் மூடிய கலன் தெளிவாக முந்துகிறது. பாசியின் உலர் எடையில் பாதி கார்பன் என்பதால் ஒரு கிலோ விளைய ஏறத்தாழ 1.8 கிலோ கரியமில வாயு வேண்டும். குளத்தில் ஊதுவதில் பெரும்பங்கு காற்றில் போய்விடும். கலனில், பாசி வாயுவை உண்ண உண்ண நீரின் காரத்தன்மை ஏறும். உணரி அதைக் கண்டு வால்வைத் திறக்கும். தேவையானது மட்டும் உள்ளே போகும்.

கலக்குவதற்கு எந்தப் பம்பு என்பதும் சின்ன விஷயமல்ல. மையவிலக்குப் பம்பின் இறக்கைகள் சுழலும் வேகத்தில் மென்மையான செல்கள் சிதையும். செல்சுவரே இல்லாத டுனலியெல்லாவும், வாலசைத்து நீந்தும் பச்சைப் பருவத்து ஹீமட்டோகாக்கஸும் எளிதில் அடிபடுபவை. அவற்றுக்குக் காற்றையே ஊதி நீரை மேலேற்றும் முறை பொருத்தம். ஸ்பெயினின் அல்மேரியாவில் மோலினா கிரிமாவின் குழு இவ்வகைக் குழாய்க் கலன்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, வாயு, ஒளி, ஓட்டம் மூன்றையும் இணைக்கும் வடிவமைப்புக் கணக்குகளை வகுத்தது.

வடிவங்களும் சுவரும்

நடைமுறையில் குழாய், தட்டைப் பலகை, நிமிர்ந்த தூண், தொங்கும் பிளாஸ்டிக் பை என நான்கு வடிவங்கள் நிலைத்தன. பை மிக மலிவு, ஆனால் சீக்கிரம் கிழியும். பலகைக்குக் காற்றூதும் மின்சாரம் குறைவு. குழாய் எளிதில் நீளும், எளிதில் கழுவப்படும். சுவருக்குப் போரோசிலிகேட் கண்ணாடி விலை கூடியது என்றாலும் பல பத்தாண்டுகள் மங்காது; பாலிஎதிலீன் வெயிலில் ஓரிரு ஆண்டுகளில் மங்கி, ஒளியை மறைக்கத் தொடங்கும்.

எந்தச் சுவராக இருந்தாலும் உட்பக்கத்தில் பாசிப் படலம் ஒட்டும். மெல்லிய படலமே போதும், உள்ளே ஓடும் பயிர் பட்டினி கிடக்க. நீரோடு சிறு பிளாஸ்டிக் மணிகளைச் சுழலவிட்டு ஓடும்போதே சுவரைத் தேய்ப்பது பெரிய ஆலைகளின் வழக்கம்.

மூடிய கலனில் தொற்றே வராது என்று எண்ணுவதும் தவறு. மருந்துத் தொழிற்சாலையின் எஃகுத் தொட்டியைப் போல நீராவி பாய்ச்சிக் கிருமி நீக்கும்படி கிலோமீட்டர் கணக்கான கண்ணாடிக் குழாயைக் கட்ட முடியாது. ஹீமட்டோகாக்கஸைத் தாக்கும் ஒரு பூஞ்சைக்கு பாராபைசோடெர்மா செடெபோக்கரென்ஸே என்று பெயர். செடெ போக்கர் ஆய்வு நிலையத்தின் பாசி வளர்ப்பிலேயே கண்டறியப்பட்டதால் அந்த ஊர்ப்பெயர். குளோரெல்லாவின் மேல் ஒட்டிக்கொண்டு அதை உறிஞ்சிக் கொல்லும் வாம்பைரோவிப்ரியோ என்ற பாக்டீரியமும் உண்டு. மூடுவது இவற்றின் வரவைத் தள்ளிப்போடுகிறது. வந்துவிட்டால், கலன்கள் தனித்தனியாக இருப்பதால் ஒன்றை மட்டும் காலிசெய்து கழுவ முடிகிறது. ஒரே பெரிய குளத்தில் அதற்கு வழியில்லை.

க்ளோட்சே: ஒரு பெரிய ஆலையின் கணக்கு

ஜெர்மனியின் சாக்ஸனி-அன்ஹால்ட் மாநிலத்தில் க்ளோட்சே என்ற சிற்றூரில் 2000ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய ஆலை நெடுங்காலம் மூடிய வளர்ப்பின் அடையாளமாக இருந்தது. ஒரு ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட பசுமைக்குடிலுக்குள் 500 கிலோமீட்டர் கண்ணாடிக் குழாய், அதில் 700 கன மீட்டர் அளவு பாசி நீர். வகுத்துப் பார்த்தால் குழாயின் உள்விட்டம் நான்கு சென்டிமீட்டர் அளவே என்பது தெரியும். ஒளி உள்ளே எட்டும் தூரம் அதற்கு மேல் இடம் தராது. அங்கே விளைந்தது குளோரெல்லா, விற்றது உணவுக்கும் தீவனத்துக்கும்.

ஆண்டுக்கு 130 முதல் 150 டன் என்ற எண் அந்த ஆலையைப் பற்றிய எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அதைக் கவனமாக எடைபோட வேண்டும். அந்த வட்டாரத்தில் ஒரு சதுர மீட்டரில் ஆண்டு முழுவதும் விழும் சூரிய ஆற்றல் சுமார் 1,000 யூனிட். ஒரு கிலோ உலர் பாசியில் அடங்கியிருப்பது ஏறத்தாழ 6 யூனிட். 12,000 சதுர மீட்டரில் 130 டன் என்றால் சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோவுக்கு மேல். பசுமைக்குடிலின் கண்ணாடி தடுக்கும் ஒளியைக் கழிக்காமலே 6 சதவீதத்துக்கு மேற்பட்ட மாற்றுத்திறன் வேண்டும். மேகமும் குளிரும் மிகுந்த நாட்டில், வெயிலை மட்டும் நம்பி அதை ஆண்டு முழுவதும் எட்டுவது நம்புவதற்கு அரியது. ஆலையின் உச்ச இலக்கு என்று அந்த எண்ணைப் படிப்பதே பொருத்தம். நுண்பாசி பற்றிய எந்த விளைச்சல் எண்ணையும் இப்படிச் சூரியக் கணக்கில் ஒருமுறை உரசிப் பார்ப்பது நல்லது. விளம்பரங்களில் பாதி அந்த உரசலில் நிற்காது.

ஹீமட்டோகாக்கஸ்: விலை தாங்கிய பயிர்

மூடிய கலன் தன் செலவை ஐயமின்றி மீட்டெடுத்த இடம் இஸ்ரேலின் அரவா பாலைவனம். ஐலாத்துக்கு வடக்கே கெத்துரா கிபுட்ஸில் 1990களின் இறுதியில் தொடங்கிய ஆல்காடெக் நிறுவனம், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கண்ணாடிக் குழாயில் ஹீமட்டோகாக்கஸை வளர்க்கிறது. அதன் பின்னணியில் பென் குரியோன் பல்கலைக்கழகத்தின் சாமி பூசிபாவும் சகாக்களும் செய்த ஆய்வு இருக்கிறது.

இந்தப் பாசிக்கு இரண்டு வாழ்க்கை. உணவும் மிதமான ஒளியும் கிடைக்கும்வரை பச்சையாக நீந்திப் பெருகும். நைட்ரஜனை நிறுத்திக் கடும் வெயிலில் விட்டால் நீந்துவதை நிறுத்தி, தடித்த உறைக்குள் சுருண்டு, தன்னைக் காத்துக்கொள்ள அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமியைச் சேர்க்கிறது. உலர் எடையில் 3, 4 சதவீதம் வரை சேரும். சால்மன் மீனுக்கும் இறாலுக்கும் செந்நிறம் தருவது இதுவே. வேதியியல் முறையில் செய்த அஸ்டாசாந்தின் மீன் தீவனச் சந்தையை மலிவால் பிடித்துக்கொண்டது. மனிதர் உண்ணும் துணைப்பொருளுக்கு இயற்கை நிறமியே விரும்பப்படுவதால் அதன் விலை பல மடங்கு உயர்ந்து நின்றது.

பச்சைப் பருவம் மெதுவானது, தொற்றுக்கு எளிதில் இரையாவது. சிவப்புப் பருவம் சில நாட்களே, உறையும் தடித்திருக்கும். ஹவாயில் நடந்த பண்ணைகளில் பச்சைப் பருவத்தை மூடிய கலனிலும் சிவப்புப் பருவத்தைத் திறந்த குளத்திலும் பிரித்துச் செய்த முறை இதிலிருந்து பிறந்தது. கெத்துராவிலோ இரண்டுமே கண்ணாடிக்குள். பாலைவனத்தின் கடும் வெயில் மற்றப் பயிருக்குச் சுமை. சிவக்க வேண்டிய இந்தப் பாசிக்கு அதுவே தேவை. இடமும் இனமும் கலனும் விலையும் இவ்வளவு பொருந்திய வேறொரு எடுத்துக்காட்டு இத்துறையில் கிடைப்பது அரிது.

எரிபொருள் கனவும் அதன் கணக்கும்

எண்ணெய் விலை ஏறிய 2000களில் மூடிய கலன்கள் டீசல் தரும், மின்நிலையப் புகையையும் விழுங்கும் என்ற நம்பிக்கை பெரும் முதலீட்டை ஈர்த்தது. அமெரிக்க எரிசக்தித் துறையின் நீர்வாழ் உயிரினத் திட்டம் 1978 முதல் 1996 வரை நடத்திய ஆய்வில், எரிபொருளுக்குத் திறந்த குளமே கட்டுப்படியாகலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தது. அதை மீறி, ஐசக் பெர்சின் 2001இல் தொடங்கிய கிரீன்ஃபியூவல் நிறுவனம் அரிசோனாவின் ரெட்ஹாக் மின்நிலையத்தில் மூடிய கலன்களை நிறுத்தியது. 2007இல் பாசி, அறுவடை செய்ய முடிந்ததைவிட வேகமாக வளர்ந்து செத்தது. அமைப்பின் செலவும் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கானது. 2009இல் நிறுவனம் மூடப்பட்டது.

தொழில்நுட்பம் பலித்திருந்தாலும் பரப்பு தடுத்திருக்கும். நாளொன்றுக்குச் சதுர மீட்டரில் 20 கிராம் என்ற நல்ல விளைச்சலை ஆண்டு முழுவதும் எடுத்தால் ஒரு ஹெக்டேரில் 73 டன் பாசி விளையும். அது பிடிக்கும் கரியமில வாயு சுமார் 130 டன். 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் ஆண்டுக்கு 30 லட்சம் டன்னுக்கு மேல் வெளியிடுகிறது. முழுவதையும் பிடிக்க 220 சதுர கிலோமீட்டருக்கு மேல் கண்ணாடி வேண்டும், இரவில் வரும் புகையைப் பகலுக்குச் சேர்த்து வைக்கவும் வேண்டும்.

ஆற்றல் கணக்கு அதைவிடக் கடுமை. நானோகுளோராப்சிஸை வைத்து 2010இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டில், ஓடுபாதைக் குளமும் தட்டைப் பலகையும் வாங்கிய ஆற்றலைவிட அதிகம் திருப்பித் தந்தன. கிடைமட்டக் குழாய்க் கலன் உறிஞ்சிய மின்சாரம் அதில் விளைந்த பாசியின் ஆற்றலைவிடப் பல மடங்கு. எரிபொருள் செய்ய அதைவிட அதிக எரிபொருளை எரிப்பது எந்த விலையிலும் நியாயமாகாது.

பணக் கணக்கை அல்மேரியாவின் ஆசியன் ஃபெர்னாண்டஸும் சகாக்களும் 2012இல் வெளிப்படையாக வைத்தார்கள். மூன்று கன மீட்டர் குழாய்க் கலன்கள் பத்து; ஆண்டுக்கு 3.8 டன் விளைச்சல். ஒரு கிலோவுக்கு ஆன செலவு 69 யூரோ. கருவிகளின் தேய்மானமும் ஆள் கூலியும் அதில் பெரும்பங்கு. அமைப்பை எளிமையாக்கி ஆண்டுக்கு 200 டன் என்ற அளவுக்குக் கொண்டுபோனால் 12.6 யூரோவுக்கு இறக்கலாம் என்று கணக்கிட்டார்கள். நெதர்லாந்தின் வாகனிங்கன் குழு 2011இல் வெளியிட்ட மதிப்பீட்டில், நூறு ஹெக்டேர் அளவில் குழாய்க் கலனுக்கு 4.15 யூரோ, எல்லாமே சாதகமானால் 0.68 யூரோ வரை இறங்கலாம் என்றிருந்தது. முதல் எண் நடந்த ஆலையிலிருந்து எடுத்தது, மற்றவை கணிப்புகள். இந்த இடைவெளியைச் சொல்லாமல் கடைசி எண்ணை மட்டும் மேற்கோள் காட்டிய திட்ட அறிக்கைகள்தான் துறைக்குக் கெட்ட பெயர் தேடித் தந்தன.

அறுவடையின் சுமை தனி. கலனில் பாசியின் அடர்த்தி லிட்டருக்கு 1 முதல் 4 கிராம். குளத்தில் அரை கிராம் அளவு. ஒரு கிலோ பாசிக்குக் குளத்தில் இரண்டாயிரம் லிட்டர் நீரைப் பிரிக்க வேண்டிய இடத்தில் கலனில் சில நூறு லிட்டரோ ஆயிரமோ போதும். மையவிலக்கு எந்திரத்தின் மின்செலவு அந்த அளவுக்குக் குறைகிறது. மூடிய கலனின் ஆதாயங்களில் இது அதிகம் பேசப்படாதது, ஆனால் உண்மையானது.

இருளும் செயற்கை ஒளியும்

இப்போது தொழில் இரண்டு திசைகளில் நகர்கிறது. ஒன்று வெயிலையே விட்டுவிடுவது. ஐஸ்லாந்தில் ஆல்காலிஃப் நிறுவனம் கட்டடத்துக்குள் எல்இடி விளக்கில் ஹீமட்டோகாக்கஸ் வளர்க்கிறது. விளக்குக்குத் தரும் மின்சாரத்தில் ஐந்து சதவீத அளவே பாசியாக மாறுவதால் ஒரு கிலோவுக்கு நூறு யூனிட்டுக்கு மேல் செலவாகும். நீர்மின்சாரமும் புவிவெப்ப மின்சாரமும் மலிவாகக் கிடைக்கும் நாட்டில், அஸ்டாசாந்தின் விலையில், அது கட்டுப்படியாகிறது. சாதாரணத் தீவனத்துக்கு எந்த நாட்டிலும் கட்டுப்படியாகாது.

மற்றொரு திசை, குளோரெல்லா போன்ற சில இனங்களுக்குச் சர்க்கரை தந்து இருண்ட எஃகுத் தொட்டியில் வளர்ப்பது. அங்கே ஒளியின் தடை இல்லாததால் அடர்த்தி பல மடங்கு உயரும், தொட்டியையும் பெரிதாகக் கட்டலாம். குழந்தைப் பால்மாவில் சேர்க்கும் டிஎச்ஏ கொழுப்பு இப்படி இருளில் வளரும் கிரிப்தெகோடினியம் என்ற நுண்பாசியிலிருந்துதான் முதலில் பெரிய அளவில் வந்தது. ஆனால் சர்க்கரை ஒரு வயலில் விளைந்தாக வேண்டும். சூரிய ஒளியிலிருந்து நேரே உணவு என்ற அடிப்படை அங்கே மறைகிறது.

இருண்ட தொட்டியையும் வெயில் படும் கலனையும் இணைக்கும் முறை போர்ச்சுகலின் பத்தாயாஸில் நடக்கிறது. செசில் சிமெண்ட் ஆலையை ஒட்டி எழுந்த அந்தப் பண்ணையில் 1,300 கன மீட்டர் அளவுக்குக் கண்ணாடிக் குழாய்க் கலன்கள் உண்டு. குடுவையிலிருந்து தொடங்கி அவ்வளவு கொள்ளளவையும் விதைக்க வாரக்கணக்கில் ஆகும். அந்தக் காலமெல்லாம் கலன்கள் மெலிந்த பயிரோடு வெயிலை வீணாக்கும். ஆகவே குளோரெல்லாவை முதலில் இருண்ட தொட்டியில் சர்க்கரை தந்து அடர்த்தியாகப் பெருக்கி, அதையே குழாய்களுக்கு விதையாக ஊற்றுகிறார்கள். பாசி அங்கே ஒளியில் பச்சையையும் நிறமிகளையும் சேர்த்துக்கொள்கிறது.

விதை தயாரிப்பு என்ற இந்தப் பணி சிறிய அளவில் தமிழகக் கடற்கரையின் இறால் குஞ்சு பொரிப்பகங்களுக்கும் பழக்கமானது. முட்டையிலிருந்து வந்த இறால் புழுவுக்கு முதல் இரை கீட்டோசெராஸ் என்ற டயாட்டம். அதைக் கிருமி நீக்கிய குடுவையில் தொடங்கி, மூடிய பிளாஸ்டிக் கேன்களுக்கு மாற்றி, கடைசி ஓரிரு நாட்கள் மட்டும் திறந்த தொட்டியில் பெருக்கி இரையாக்குகிறார்கள். பாசி கெட்டால் அந்தத் தொகுப்பின் குஞ்சுகள் முழுவதும் போய்விடும் என்பதால், முதல் கட்டங்களை மூடி வைக்க ஆகும் செலவைப் பொரிப்பகங்கள் தயங்காமல் ஏற்கின்றன.